ராத்திரி யார் வந்தது?

கேள்வி: 'தி மேனர்' என்ற ஆங்கிலப் பேய்ப்படம் பார்த்தேன். முதியோர் இல்லத்தைப் பேய் பங்களாவாகக் காட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருக்கும் எங்களைப் போன்றவர்களை இது புண்படுத்தாதா? என் அம்மாவும் தாம்பரம் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறார். ராத்திரி யாரோ கட்டிலருகே வந்து நிற்பதாக அவரும்தான் சொல்கிறார். வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் அங்கே. இதையெல்லாம் படமாக எடுக்கலாமா?
- வாசகர் ஒருவர், மடிப்பாக்கம்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் படத்தை விட அம்மாவைப் பற்றிய வரிதான் என்னை உறுத்துகிறது.

2021-இல் ஆக்செல் கரோலின் எழுதி இயக்கிய படம் அது. பக்கவாதத்துக்குப் பிறகு இல்லத்துக்கு வரும் எழுபது வயது ஜூடித்தாக பார்பரா ஹெர்ஷி நடித்திருக்கிறார். ராத்திரியில் ஏதோ வருகிறது, இங்கிருப்பவர்களைக் காவு வாங்குகிறது என்று ஜூடித் சொல்லச் சொல்ல, புத்தி தடுமாறுகிறது என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். எனக்குப் பேயைவிட அதுதான் பயமாக இருந்தது. பிள்ளைகளைக் குற்றவாளியாக்கும் படமாக எனக்குத் தோன்றவில்லை.

என் அத்தையும் ஓர் இல்லத்தில் இருந்தார். "ராத்திரியானா யாரோ கையைப் பிடிச்சு அழுத்துறாங்கடா" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போகிற நான், "கனவு கண்டிருப்பீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் அவர் கண்ணாடி வளையலை முழங்கை பக்கம் ஏற்றிவிட்டபோதுதான் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். எழுந்து நடந்து விழுந்துவிடுவார் என்று ராத்திரி ஆயா பழைய புடவைக் கிழிசலால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்திருக்கிறார். அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

உங்கள் அம்மா விஷயத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உடம்பே காரணமாக இருக்கலாம். சிறுநீரில் கிருமித் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, பார்வைக் குறைவு, மறதி நோயில் சில வகைகள் என எதனாலும் இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். தொற்றும் சோடியமும் மருந்தில் சரியாகக்கூடியவை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, 2024-இல் திறந்தார்கள், 200 படுக்கை. மாத்திரைச் சீட்டு அத்தனையையும் எடுத்துக்கொண்டு அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். இல்லத்தின் மேல் சந்தேகம் வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் போங்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். பரவாயில்லை, கேட்டு உள்ளே போங்கள். விளக்கை அணைத்த பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, யார் வந்தது, எந்தப் பக்கம் நின்றது, என்ன செய்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். அப்படியே கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.