யூதர் வரலாற்றில் இன்னும் என்ன மிச்சம்?

கேள்வி: யூதர் வரலாறு என்றாலே ஹிட்லரும் வதைமுகாமும்தான். அதையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இதற்கென்று பல்கலைக்கழகங்களில் தனித் துறை எதற்கு? இனி ஆராய என்ன மிச்சம்?

பதில்: ஒரு மக்களின் கதையை அவர்களைக் கொன்றவனை வைத்துத்தான் சொல்ல வேண்டுமா? ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1928-ல், சாலோ பேரன் என்ற வரலாற்றாசிரியர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். யூதர் வரலாற்றை ஒரே ஒப்பாரியாக எழுதுவது தவறு என்றார். அதன்பின் அவருடைய பெற்றோரையும் ஒரு சகோதரியையும் நாஜிகள் கொன்றார்கள். அப்போதும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதிக்குள் அடைபட்டிருந்த வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளம் என்ன செய்தார், தெரியுமா? நண்பர்களோடு சேர்ந்து ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் வரை சேகரித்தார். எப்படிச் செத்தோம் என்பது மட்டுமல்ல, எப்படி வாழ்ந்தோம் என்பதும் தெரிய வேண்டும் அவருக்கு. அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946-லும் 1950-லும் இரண்டு பகுதிகள் கிடைத்தன. மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, வதைமுகாமை விட்டு வெளியே வாருங்கள். பழைய கெய்ரோவின் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று நூற்றாண்டுக்கணக்கில் ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். அதில் பெரும்பகுதியை 1897-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கு மட்டும் 1,90,000 துணுக்குகளுக்கு மேல். வேதம் மட்டுமா? கடன் சீட்டு, கல்யாண ஒப்பந்தம், வியாபாரக் கடிதம் எல்லாம்! 12-ஆம் நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்து மங்களூரில் தங்கிய பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்களும் அதில் உண்டு. இங்கே வெண்கலப் பட்டறை நடத்தினார். மிளகும் இரும்பும் அனுப்பினார். ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் உலர்திராட்சையும் எழுதக் காகிதமும் அனுப்பினார்கள். 1132-ல் ஆஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

மிச்சம் என்ன என்று கேட்டீர்களே! அந்தக் கெய்ரோ தாள்களில் ஒரே கடிதத்தின் பாதி ஓர் ஊரிலும் மறுபாதி இன்னோர் ஊரிலும் கிடக்கிறது. இப்போதுதான் படமெடுத்து, கணினி வைத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதங்களில் ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபியை மனிதர்தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்? அப்புறம் ஆஷு. அவளைப் பற்றி அந்த வணிகர் தரப்புத் தாள்கள்தான் பேசுகின்றன. அவள் பிறந்த மண்ணின் பக்கமிருந்து அந்தக் கதையை எழுத ஹீப்ருவோடு துளுவும், இந்தக் கடற்கரையின் கல்வெட்டுகளும் தெரிந்த ஒருவர் வேண்டும்.