காணிக்குப் பெயர் கொடுத்தால் அவிசுவாசமா?

இல்லை தம்பி, நாளைக்கே போய்ப் பெயரைக் கொடுங்கள். புத்தாண்டு ஆராதனையில் 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன்' என்கிற எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை கிடைத்தது, அதனால் இந்த வருஷம் கர்த்தரே வீடு தருவார் என்று ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவிலேயே காத்திருக்கிறேன், 7 பேர்ச் காணிக்கு விண்ணப்பித்தால் அவரை நம்பாதது போல் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த அட்டைதான், அதில் ஒரு வசனம்தானே இருக்கும். அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருவது. அதற்கு முந்தைய வசனத்திலேயே ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது, கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். 5ஆம் வசனமோ வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறது. காத்திருக்கிறவர்களுக்குச் சொன்னதுதான் அதுவும்!

இன்றிரவு 1 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அப்புறம் வசனம் சொன்னது எது, நாமாகச் சேர்த்த 'இந்த வருஷம்' எது என்று தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, பெயர் கொடுத்தாலும் காணி உடனே வரும் என்றில்லை. சந்ததி உண்டு என்ற கர்த்தருடைய வாக்கை நம்பி ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டார், மகன் ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு 100. காணிக்கை போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், சரி சரி என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள், காசு கொடுக்க வேண்டாம்.