மெட்டடார் வேனுக்குள் மரவேலை: கேள்வி பதில்

கரூர் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை பழகியவன் நான். இப்போது பழைய வேன்களுக்கு, பெரும்பாலும் மெட்டடாருக்கு, படுக்கை, அலமாரி, அடுப்படி எல்லாம் செய்து கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியாக, மாற்றிக் கொடுக்கிறேன். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, மாமா தோட்டத்தில் ஒரு மெட்டடார் F305 ரொம்ப நாளாகச் சும்மா நிற்கிறது. அதைக் கேம்பராக மாற்றலாமா, இல்லை டெம்போ டிராவலர் ஒன்றைப் பார்க்கட்டுமா?

பதில்: தம்பி, முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். தரைத் தகரம், சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, ஜன்னல் ரப்பருக்குக் கீழே உள்ள மடிப்பு, இந்த நான்கு இடத்திலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். மேலே பட்டி பூசி மறைத்துவிட்டு மரவேலையில் இறங்கினால், அலமாரிக்குப் பின்னால் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தகரம் தேறிவிட்டால் மெட்டடாரையே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஹனோமாக், டெம்போ வேன்களின் வழியில் வந்த வண்டி அது. முன்சக்கர இழுவை என்பதால் பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது, அதனால் தரை தாழ்வாக இருக்கும். டிராவலரில் ஏறி இறங்கிப் பாருங்கள், வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். இன்ஜினும் மெர்சிடிஸ் OM616 வழி வந்த 2.4 லிட்டர் டீசல். டிராக்ஸ் ஜீப்பிலும் அதே குடும்பத்து இன்ஜின் ஓடியதால், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இன்னும் கிடைக்கிறார்.

கேள்வி (கோவை): வோக்ஸ்வேகன் கேம்பர் படங்கள் நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னால் படுக்கை, பக்கத்தில் நீள அலமாரி. அதை அப்படியே மெட்டடாரில் செய்ய முடியுமா?

பதில்: அந்தப் பழைய வோக்ஸ்வேகனில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. இன்ஜினுக்கு மேலே ஒரு மேடை ஏற்கெனவே இருப்பதால்தான் படுக்கையின் தலைமாடு அங்கே போனது. உங்கள் வண்டியில் இன்ஜின் முன்னால், பின்பக்கம் தரை சமம். அந்த மேடையை நீங்களாகக் கட்டினால் இடமும் போகும், எடையும் கூடும்.

இன்னொன்று, முன்சக்கர இழுவை வண்டியில் பின் அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் பிடி குறையும். சமதளத்தில் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் மழை ஈரத்தில் ஏறும்போது முன்சக்கரம் வழுக்கிச் சுற்றும். அதனால் தண்ணீர், பேட்டரி, மரப்பெட்டிகளில் கனமானது எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். படுக்கை மாதிரி லேசானது பின்னால் போகட்டும்.

அந்தப் படங்களில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1950களின் தொடக்கத்தில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் வோக்ஸ்வேகனுக்குச் செய்த 'கேம்பிங் பாக்ஸ்' எடுத்து மாட்டக்கூடிய சாமான். வாரநாளில் சரக்கு ஏற்றலாம், விடுமுறைக்குப் பெட்டியை உள்ளே வைத்துக் கிளம்பலாம். அந்த யோசனை எழுபது வருஷம் கழித்தும் சரியாகவே இருக்கிறது.

கேள்வி (திருச்சி): எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிகளைச் செய்த ஆசாரி நல்ல வேலைக்காரர். அவரையே வேனுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வேனில் எதுவும் நேராக இல்லை. பக்கத் தகரம் வளைந்து போகும், தரை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வளைவோடு ஒட்ட வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அச்சு எடுங்கள். அந்த அச்சைப் பலகையில் வைத்துக் கோடு போட்டால் வேலை முடிந்தது.

அவருக்கு நீங்கள் புரியவைக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டுச் சுவர் அசையாது, வேன் பாடி அசையும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மொத்தக் கூடும் லேசாக முறுக்கிக்கொள்ளும். அலமாரியைத் தகரத்தோடு ஆணியோ பசையோ போட்டு இறுக்கினால், ஒன்று அலமாரி விரியும், இல்லை தகரம் கிழியும். பஸ் பாடியில் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ரப்பர் வைப்பது சும்மா இல்லை.

ஒவ்வொரு பெட்டியும் தன் காலில் தானே நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். பக்கத் தகரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். தரையில் எட்டு மி.மீ. போல்ட், அடியில் அகலமான வாஷர், நைலான் நட், நடுவே ரப்பர் பேக்கிங். துளை போட்ட விளிம்பில் பிரைமரும் சீலண்டும் கட்டாயம். துளை போடும் முன் அடியில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேஸிஸில் துளை போடவே வேண்டாம்.

இரண்டு பேர் அரைமணியில் கழற்றிக் கதவு வழியாக வெளியே தூக்க முடிகிற பெட்டிதான் நல்ல பெட்டி. அதனால் அளவு எடுக்கத் தொடங்கும்போதே கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): இழுப்பறைகள் வளைவில் தானாகத் திறந்துகொள்கின்றன. காந்தம் வைத்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: காந்தம் வீட்டுக்குத்தான். இதற்குப் பழைய மரவேலை முறை ஒன்று இருக்கிறது, காசே செலவில்லை. இழுப்பறையின் பக்கப் பலகைகள் மரச்சட்டத்தின் மேல்தானே ஓடும்? இழுப்பறை முழுசாக உள்ளே போகும்போது முன்பக்கச் சட்டம் எங்கே வருகிறதோ, அங்கே பக்கப் பலகையின் அடி விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். மூடியதும் 'டொக்' என்று கீழே இறங்கிச் சட்டத்தில் உட்கார்ந்துவிடும். திறக்க வேண்டுமென்றால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். எந்த வளைவிலும் அது தானாகத் திறக்காது. மேலே அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை மட்டும் விட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் தூக்கவே முடியாது. உருளை வைத்த இரும்பு சேனலுக்கு இது பொருந்தாது.

கேள்வி (சேலம்): எந்தப் பிளைவுட்? 18 மி.மீ. போட்டால் உறுதியாக இருக்கும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் விற்கிறவர். எட்டுக்கு நாலு அளவில் 12 மி.மீ. பலகை ஏறக்குறைய 23 கிலோ, 18 மி.மீ. 35 கிலோ வரும். ஆறு பலகை போட்டால் வித்தியாசமே 70 கிலோ, ஒரு ஆளைச் சும்மா கூடவே ஏற்றிக்கொண்டு சுற்றுவது மாதிரி.

பெட்டிக்கு 12 மி.மீ., கதவுக்கும் பின்பலகைக்கும் மரச்சட்டம் அடித்து 6 மி.மீ. போதும். IS 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பக்கமே போகாதீர்கள். அதிர்வில் திருகு கழன்றுவிடும், ஈரத்தில் ஊதிவிடும். நல்ல பிளையிலும் வெட்டிய விளிம்புதான் தண்ணீர் குடிக்கும். அதற்கு எபாக்ஸியோ பி.யூ. பெயிண்டோ இரண்டு கை பூசுங்கள். சாதாரண வெள்ளைப் பசை வெயிலில் நின்ற வண்டிச் சூட்டில் இளகும், நீர் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்குத் தேக்கு அழகுதான், ஆனால் கனம். உள்ளே மறைகிற சட்டத்துக்கு நன்றாகக் காய்ந்த மலைவேம்பு போதும் என்பது என் கட்சி.

கேள்வி (நாகர்கோவில்): சார், பகலில் சோபா, இரவில் படுக்கை என்று மாறும் ஒன்றைக் கையால் செய்ய முடியுமா? கடையில் கிடைக்கும் இரும்புச் சட்டம் கனமாக இருக்கிறது.

பதில்: முடியும் மேடம், இதுதான் எனக்குப் பிடித்த வேலை. இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள், அதேதான் இது. 60 மி.மீ. அகல ரீப்பர்களில் ஒரு பாதியைப் பெட்டியின் பின்சட்டத்தில் திருகிவிடுங்கள். மறு பாதியை, கால் வைத்த முன்சட்டத்தில் திருகுங்கள். ரீப்பருக்கு ரீப்பர் 65 மி.மீ. இடைவெளி விட்டால், ஒன்றின் நடுவே மற்றொன்று உரசாமல் நழுவும். முன்சட்டத்தை இழுத்தால் படுக்கை விரியும்.

பலர் தடுமாறுவது நீளக் கணக்கில். சோபா 24 அங்குலம் ஆழம் என்றால் இழுத்ததும் 48 கிடைக்கும் என்று நினைப்பார்கள். கிடைக்காது. இழுத்த ரீப்பரின் பின்முனை பெட்டியின் முன்விளிம்பில் நான்கு அங்குலமாவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் படுத்ததும் தொப்பென்று விழும். ஆக 44 அங்குலம். அதற்கு மேல் இழுக்க முடியாதபடி அடியில் ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக வையுங்கள். ரீப்பர் நடுவே காற்று போவதால் மெத்தையின் அடியில் பூஞ்சையும் பிடிக்காது. மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம், நான்கு அங்குலம்.

உயரமானவர் என்றால் வண்டியின் நீளவாக்கில் படுக்கும்படி வையுங்கள். குறுக்கே படுக்க உள் அகலம் போதுமா என்பதை, பக்கத் தகரத்தின் உள்பக்கம் ஃபோமும் பலகையும் வைத்த பிறகு கிடைக்கும் அளவில் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): எங்கள் ஊர் வெயிலுக்கு உள்ளே உட்கார முடியுமா?

பதில்: வேலூர் என்றால் கேள்வி நியாயம்தான். கூரைக்கு வெள்ளை பெயிண்ட், அதுதான் முதல் வேலை, அதுதான் மலிவும். அடுத்து, கூரைத் தகரத்தில் நீர் உறிஞ்சாத குளோஸ்டு செல் ஃபோம், 10 முதல் 15 மி.மீ., இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். பளபளக்கும் ஃபாயில் தாளைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நெருக்கி வைத்தால் ஒரு பயனும் இல்லை, அதன் முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பும். கண்ணாடிக் கம்பளி வேண்டாம். ஊட்டியில் ஓர் இரவு இரண்டு பேர் மூச்சு விட்டாலே தகரத்தில் நீர் கோக்கும், அதைக் கம்பளி பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் நின்ற வண்டியில் காற்று ஓட்டம்தான் காப்பாற்றும். கூரையில் வெளியே தள்ளும் விசிறி, கீழே எதிர்மூலையில் வலை வைத்த ஜன்னல். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் விசிறி சத்தம்தான் மிச்சம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, என்னட்ட பழைய டொல்பின் வான் ஒண்டு இருக்கு. கடற்கரைப் பக்கம்தான் கூட ஓடுறது. ஆணி, கீல் எல்லாம் கறள் பிடிக்குது. என்ன செய்யலாம்?

பதில்: கீலும் திருகும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக வாங்குங்கள் தம்பி. 304 உப்புக் காற்றில் தேநீர்க் கறை மாதிரி நிறம் விடும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு நேரடியாகப் பட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும், நடுவே நைலான் வாஷர் வையுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி (சென்னை): கேஸா, இண்டக்‌ஷனா?

பதில்: 1,500 வாட் இண்டக்‌ஷன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 130, 140 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே ஏறக்குறைய 1,280 வாட்-அவர். சோறும் குழம்பும் வைப்பதற்குள் தீர்ந்துவிடும். அதனால் ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும்தான் என் தேர்வு, முடிந்தால் பக்கக் கதவுக்கு வெளியே வைத்துச் சமையுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும், வேனின் உள்பக்கம் முழுக்க அடைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் எந்த சுவிட்சும் கூடாது. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளை எழுப்பாது.

கேள்வி (சென்னை, அதே நபர்): ஒயரிங் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: வீட்டு ஒயர் அளவை இங்கே கொண்டுவரக் கூடாது. 12 வோல்ட்டில் ஆம்பியர் அதிகம். ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் 10 ஆம்பியர் சாதனத்துக்கு 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போட்டால், போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், ஃபிரிட்ஜ் முரண்டு பிடிக்கும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தகரத்தில் துளை வழியாக ஒயர் போகும் இடமெல்லாம் விளிம்பு ஒயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் (குரோமெட்) போடுங்கள். லித்தியம் பேட்டரியை வண்டியின் பேட்டரியோடு நேராக இணைக்காமல் டி.சி. டு டி.சி. சார்ஜர் வழியாக இணையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆர்.டி.ஓ.வில் சிக்கல் வருமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இருக்கையைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது எல்லாம் அதில் வரும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகை மத்திய அரசின் வாகனப் பட்டியலில் இருக்கிறது. பலகை வெட்டும் முன் வரைபடத்தோடு போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் தனி.

கேள்வி (திண்டுக்கல்): ஓடும்போது பிள்ளைகள் பின் படுக்கையில் விளையாடிக்கொண்டு வரலாமா?

பதில்: கூடாது. பெல்ட் உள்ள இருக்கையில் முன்னோக்கி உட்காரட்டும். அந்த பெல்ட்டின் பிடிப்பு வண்டியின் இரும்புக் கட்டமைப்பில் இருக்க வேண்டும், பிளைவுட்டில் அல்ல.

கேள்வி (கரூர்): நம்ம ஊர்க்காரரே, எல்லாம் முடித்தாகிவிட்டது, ஆனால் ஓடும்போது எங்கிருந்தோ கிரீச் கிரீச் என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: ஒருவர் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். மரத்தோடு மரம் உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள், மரத்தோடு தகரம் உரசினால் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். பாதி நேரம் பெட்டியின் குற்றமாகவே இருக்காது, உள்ளே தட்டோடு கரண்டி ஆடும். புது வேலை என்றால் முதல் 500 கிலோமீட்டரில் ரப்பர் பேக்கிங் அமுங்கி போல்ட் தளர்ந்திருக்கும், ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அப்புறமும் நிற்கவில்லை என்றால் வண்டியோடு பட்டறைக்கு வந்துவிடுங்கள்.