படகில் ஏறியதும் பைனாகுலர் ஏன் இருட்டுகிறது?

கேள்வி: மகனோடு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் பம்போட்டில் (சிறு மோட்டார் படகில்) போனேன். புதிதாக வாங்கிய 12×25 பைனாகுலரில் ஆட்டமும் கறுப்புத் திட்டும்தான் தெரிந்தன. எதை மாற்றுவது? கடலில் பறவை பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறில்லை. அந்தக் கருவி படகுக்கு ஒத்துவராது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு என்றால் கை நடுக்கமும் 12 மடங்கு. அப்புறம், 25ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் வெறும் 2 மி.மீ. சொச்சம். படகு ஒரு குலுக்குக் குலுக்கினால் விழி அந்த வட்டத்தை விட்டு விலகிவிடும். கறுப்புத் திட்டு அதுதான். 8×42இல் வட்டம் 5 மி.மீ.க்கு மேல். கப்பல்காரர்கள் விரும்பும் 7×50இல் இன்னும் பெரிது, ஆனால் கழுத்து வலிக்கும். 8×42 போதும். இப்போதுள்ள 12×25ஐச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தின் பார்வைக் குடில்களில் ஊன்றி வைத்துப் பார்க்கலாம்.

படகின் விளிம்பில் மட்டும் முழங்கையை ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு நேரே கண்ணுக்கு வரும். உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரை உயர்த்த வேண்டும். மகனுக்குக் கரையிலேயே இதைப் பழக்கிவிடுங்கள்.

சரி, எங்கே? தொடக்கத்துக்குச் சாங்கியிலிருந்து போகும் அதே உபின் படகு போதும்: ஆளுக்கு 4 வெள்ளி, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். சவாரி சிறிதுதான், ஆனாலும் வானத்தில் செம்பருந்தையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் தேடலாம். கடலில் மீன் பிடிக்கக் கட்டிய கேலோங் மேடைகளின் கம்புகளையும் மிதவைகளையும் விடாதீர்கள், ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் உட்காரும் இடம். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ், கூசு தீவுகளுக்குப் போனால் கரும்பிடரி ஆலாவைப் பார்க்க வாய்ப்புண்டு. உடல் வெள்ளை, கண்ணிலிருந்து பிடரி வரை கறுப்புக் கோடு. அது பாறைத் திட்டுகளில் முட்டையிடும். வாடகைப் படகில் போனால், "கொஞ்சம் கிட்டே போங்க" என்று படகோட்டியிடம் கேட்காதீர்கள். தாய் எழுந்து பறந்துவிட்டால் வெயிலில் முட்டை கெட்டுவிடும்.

செப்டம்பர் வாக்கில் சிலர் படகு எடுத்துச் சிங்கப்பூர் நீரிணைக்கே போவார்கள். ஜப்பான், கொரியா பக்கத்துத் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் ஸ்வின்ஹோ புயற்பறவைக்காக. அலையை ஒட்டிப் பறக்கும் கரும்பழுப்புப் பறவை அது. பல மணி நேரம் வெயிலும் ஆட்டமும் இருக்கும், சின்னப் பையனென்றால் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் போவதானால், குமட்டல் மாத்திரையைப் படகேறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.