தம்பி, லைசன்ஸ் ஃபார்ம்ல அந்தக் கட்டத்த மட்டும் தொட்டுடாத

"அமெரிக்காவுல லஞ்சமே கிடையாதாம், தலைவர்கள நம்பலாமாம், நிஜமாண்ணா? வாடகை, கார் எல்லாம் எப்படி?"ன்னு கேட்டிருக்க. வாடகையும் காரும் வந்து ஒரு மாசத்துல தானா பிடிபட்டுடும், விடு. முதல் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லியாகணும்.

டிரைவிங் லைசன்ஸ் ஆபீஸ்ல யாரும் கை நீட்ட மாட்டாங்க, அது உண்மைதான். 2007ல இங்க கனெக்டிகட் மாநிலத்துல இருக்கற ஹார்ட்ஃபோர்டு வந்த புதுசுல நானும் அதப் பாத்துட்டு அப்பாவுக்கு போன் போட்டு பெருமையா சொன்னேன். மறுவருஷம் பேங்க்குங்க கவுந்துச்சு, அதுகளக் காப்பாத்த அரசாங்கம் 700 பில்லியன் டாலர் ஒதுக்குச்சு, அப்படிக் காசு போட்டுக் காப்பாத்துன ஏஐஜி இன்ஷூரன்ஸ் கம்பெனி 2009 மார்ச்ல தன் ஆளுங்களுக்கு 165 மில்லியன் டாலர் போனஸ் குடுத்துச்சு, அதே மாசம்தான் எனக்கு வேலை போச்சு. வேலை போனா விசாவுல இருக்கறவன் வேற வேலை தேட இப்ப இருக்கற 60 நாள் அவகாசம்கூட அப்ப கிடையாது தம்பி, பத்து நாள்ல வேற வேலை கிடைச்சதால தப்பிச்சேன்.

இங்க பெரிய இடத்துக்கு சட்டமே வளைஞ்சு குடுக்கும். காங்கிரஸ்னு சொல்ற இந்த நாட்டு நாடாளுமன்றத்தோட மெம்பருங்க ஷேர் வாங்கி வித்தா 45 நாளுக்குள்ள கணக்கு காட்டணும்னு 2012ல சட்டம் போட்டாங்க, லேட்டானா சாதாரணமா 200 டாலர் ஃபைன், அவ்ளோதான். பொண்ணோட பரீட்சை விடைய திருத்த 15,000 டாலர் குடுத்த நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள் ஜெயில்.

உனக்கு அப்படி இல்ல. லைசன்ஸ் ஃபார்ம்லயே வாக்காளரா பதிவு பண்ணணுமான்னு கேப்பாங்க, விசாவுல இருக்கறவன் தெரியாம டிக் அடிச்சாலும் சிட்டிசன்னு பொய் சொன்னதா ஆகி நாடு கடத்தற வரைக்கும் போயிடும். எலக்ஷன் நன்கொடையும் குடுக்காத, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் அது சட்டப்படி தப்பு. நம்ம ஆளுங்க சிலர் கோயிலுக்கு ஓட்டு கேட்டு வர்ற தலைவரோட போட்டோ எடுத்துட்டு, ஏதோ செல்வாக்கு வந்துட்ட மாதிரி புதுசா வந்த பசங்களையும் காசு போடச் சொல்றாங்க, எனக்கு பத்திக்கிட்டு வரும். மாட்டுனா அந்த தலைவர் வந்து நிக்க மாட்டார்.

அப்ப பக்கத்து வீட்டுல விமான இன்ஜின் ஃபேக்டரில ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் இருந்தாரு. டிவில எந்தக் கட்சித் தலைவர் பேசுனாலும் சத்தத்த குறைச்சிடுவாரு, ஆனா டவுன் பட்ஜெட்டுக்கு ஊர்க்காரங்க போடற ஓட்ட மட்டும் ஒரு வருஷம்கூட விட மாட்டாரு, ஸ்கூலுக்கு எவ்ளோ ரோடுக்கு எவ்ளோன்னு பேப்பர்ல குறிச்சு வச்சு எனக்கு சொல்லிக்குடுப்பாரு. நானும் இப்ப ஒரு பட்ஜெட் மீட்டிங்கையும் விடறதில்ல. சிட்டிசன் ஆனப்புறம் முதல் ஓட்டு போட அவரோட பழைய ட்ரக்லதான் போனேன்.