700 டாலரில் ஒரு கைத்துப்பாக்கி: எதை வாங்குவது?

டாலஸ் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெட்ரோல் நிலையக் கடையில் வேலை. இரவு பதினொரு மணிக்குக் கணக்கு முடித்து, கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கார் வரை நடக்க வேண்டும். க்ரீன் கார்டு இருக்கிறது. ஒன்பது வயதில் மகன். மாமனாரும் மாமியாரும் விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்கள். கைப்பையில் அடங்குகிற மாதிரி, மொத்தம் 700 டாலருக்குள் சின்னதாக ஒரு துப்பாக்கி வேண்டும். கூட வேலை செய்பவர் ரூகர் எல்.சி.பி. வாங்கச் சொல்கிறார். என் கை சின்னது, பெரிய பலமும் இல்லை. எதை வாங்கலாம்?"

எல்.சி.பி. வேண்டாம். கைப்பையும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

எல்.சி.பி. 2008-ல் வந்தது. .380 தோட்டா, காலியாக 300 கிராம்கூட இருக்காது. மறைத்து வைக்க அதைவிட வசதியானது கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுட்டால் உதை அதிகமாகத்தான் இருக்கும். பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கும். குறி பார்க்கும் முனைகள் இரண்டும் நெருங்கி இருப்பதால் கை துளி அசைந்தாலும் குண்டு எங்கோ போகும். புதிதாகக் கற்பவர்கள் ஒரு பெட்டித் தோட்டா சுட்டதும் உள்ளங்கை வலிக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதோடு பயிற்சி நின்றுவிடும். பல வருடம் சுட்டுப் பழகியவருக்கு அது நல்ல இரண்டாவது துப்பாக்கி. முதல் துப்பாக்கியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், கை சின்னதாக இருப்பவர்களுக்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். நீங்கள் தேட வேண்டியது நன்றாகச் சுட முடிகிறவற்றில் சின்னதை. மறைக்க முடிகிறவற்றில் மிகச் சின்னதை அல்ல.

700 டாலரும் துப்பாக்கிக்கே என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிக்கு 400-க்கு மேல் போக வேண்டாம், அதற்கு டெக்சஸ் விற்பனை வரி 30 டாலருக்கு மேல் வரும். நல்ல உறைக்கு 60, பூட்டுப் பெட்டிக்கு 40, பயிற்சிக்கு 200 தோட்டாவுக்கு 60 முதல் 80, பாதுகாப்புக்கு வைக்கும் ஹாலோ பாயின்ட் (பட்டதும் முனை விரியும் தோட்டா) ஒரு பெட்டிக்கு 25 என்று போனால் மீதி, கீழே சொல்லும் லைசன்ஸ் கட்டணத்துக்கும் வகுப்புக்கும்தான் சரியாக இருக்கும். 2018-ல் வந்த சிக் பி365-உம் அதற்குப் பின் வந்த க்ளாக் 43எக்ஸ், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஹெல்கேட் போன்றவையும் அருமையான துப்பாக்கிகள், மெலிந்த உடலில் பத்துத் தோட்டாவுக்குக் குறையாமல் கொள்பவை. ஆனால் புதிதாக வாங்கினால் பயிற்சிக்குப் பணம் மிஞ்சாது.

உங்கள் கைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்ட் ஈஸீ, .380 தோட்டாவில். எட்டுத் தோட்டா கொள்ளும் மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு. பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா குழாயில் ஏறும். பல பிஸ்டல்களில் அந்த ஸ்ப்ரிங் இரும்பு மாதிரி இருக்கும். ஈஸீ-யில் அதை வேண்டுமென்றே இளக்கமாக வைத்திருக்கிறார்கள். மேகசினில் தோட்டா நிரப்பும்போது கட்டை விரலால் அழுத்திக்கொள்ள ஒரு குமிழும் இருக்கிறது. எல்.சி.பி.-யும் .380 தானே என்று கேட்கலாம். இது அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, உதை அவ்வளவு குறைவாகத் தெரியும். விலை 400-ஐ ஒட்டி இருக்கும், செகண்ட் ஹேண்டில் இன்னும் குறையும்.

ஸ்லைடு இழுப்பது உங்களுக்குச் சிரமமில்லை என்றால் டாரஸ் ஜி3சி. 9 எம்.எம்., பன்னிரண்டு தோட்டா, பெரும்பாலும் 300 டாலருக்குள் முடியும். ரூகர் மேக்ஸ்-9 இன்னும் மெலிது, கொஞ்சம் கூடுதல் விலை. இவற்றின் விசை க்ளாக் அளவுக்கு வழவழப்பாக இருக்காது, ஆனால் மூன்று கஜத்திலும் ஏழு கஜத்திலும் அது பெரிய விஷயமில்லை. 9 எம்.எம். போதுமா என்ற பழைய சண்டைக்குள் போக வேண்டாம். எஃப்.பி.ஐ. பத்து வருடத்துக்கு முன்பே பெரிய தோட்டாவை விட்டு அதற்குத் திரும்பிவிட்டது. பயிற்சித் தோட்டாவும் .380-ஐவிட மலிவு.

இதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கைதான். துப்பாக்கியை வாடகைக்குத் தரும் ரேஞ்ச், அதாவது சுடும் பயிற்சிக்கூடம், எதற்காவது போய், பயிற்சியாளரை பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைச் சுட்டுப் பாருங்கள். அதற்கு முன் காலித் துப்பாக்கியில் ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். கையை நீட்டிக்கொண்டு இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அதன் வாய் சுடும் இலக்கின் பக்கமே பார்த்திருக்கட்டும். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுசாகப் பற்றி, அதை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். இதிலேயே பாதிப் பேருக்கு "முடியவில்லை" என்பது போய்விடும். தொடர்ந்து பத்துத் தடவை செய்து கை தளர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையின் நடுவில் வசதியாகப் படிகிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் தொட்டால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிசு.

செகண்ட் ஹேண்ட் என்றால் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் தயாரான 9 எம்.எம். ஷீல்ட் ஈஸீ-களில் சிலவற்றின் சுத்தியலில் குறை இருப்பதாக நிறுவனமே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. நான் சொன்ன .380 வேறு, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கைப்பை. பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் சேர்த்தே கொண்டுபோவான். வீட்டுக்கு வந்ததும் பையைச் சோபாவில் போடுவீர்கள், பேனா வேண்டும், சாவி வேண்டும் என்று மகன் அதில் கை விடுவான். துப்பாக்கி உடம்பில்தான் இருக்க வேண்டும், விசையை முழுசாக மூடுகிற கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறையில், இடுப்புக்கு உள்பக்கம். எந்த மாடலுக்கு வாங்குகிறீர்களோ அதற்கென்றே வார்த்த உறையாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிற பதினைந்து டாலர் துணி உறை வேண்டாம். பெல்ட் போடாத நாளில் வயிற்றுப் பட்டி இருக்கிறது, அதிலும் விசையை மூடும் கடினமான ஓடு இருப்பதாகப் பாருங்கள்.

வீட்டு விஷயம் இன்னும் முக்கியம். 17 வயதுக்குக் குறைந்தவர் கையில் எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். விசிட்டர் விசா, எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் அனுமதிப்பதில்லை. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருந்தாலே "வைத்திருப்பது" என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே வீட்டில் துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும், அதைத் திறக்கும் எண் உங்கள் மாமனார், மாமியாருக்குத் தெரியவே கூடாது. அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல இது, அவர்களைக் காப்பாற்றுவது. அதேபோல, வாங்கத் தகுதியில்லாத ஒருவருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது பெரிய குற்றம். நண்பர்கள் கேட்டால் முகத்துக்கு நேராக மறுத்துவிடுங்கள். துப்பாக்கிச் சட்டத்தில் தண்டனை பெற்றால் க்ரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த அது காரணமாகலாம். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிற காலம் என்றால் துப்பாக்கி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதான, சட்டத் தடை இல்லாதவர்கள் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். இருந்தாலும் எல்.டி.சி. எனப்படும் லைசன்ஸை எடுங்கள். பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது, மாநில லைசன்ஸ் இருந்தால் அந்த மாநிலத்தில் விலக்கு உண்டு. தினமும் மகனைப் பள்ளியில் விடுகிறவருக்கு இது ஒன்றே போதும். கட்டணம் 40 டாலர், நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, 50 தோட்டாச் சுடும் தேர்வு, தூரம் 3, 7, 15 கஜம். எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதும் அந்த வகுப்பில் விளங்கும். வேலை செய்யும் கடை உங்களுடையதல்ல, ஆகவே முதலாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அவர் கூடாது என்றாலும் பூட்டிய காருக்குள் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஊழியர்களுக்கு டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் பயம் கடைக்கும் காருக்கும் நடுவில் உள்ள தூரம்தானே. அதற்கு வாசலை ஒட்டி, விளக்கடியில் கார் நிறுத்த அனுமதி கேளுங்கள். முடிந்தால் பூட்டும் நேரத்தில் இன்னொருவர் கூட இருக்கும்படி ஷிஃப்டை மாற்றக் கேளுங்கள். இதைத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

வாங்கப் போகும் நாளில் டிரைவிங் லைசன்ஸும் க்ரீன் கார்டும் கையில் இருக்கட்டும். 4473 என்ற படிவத்தில் க்ரீன் கார்டில் உள்ள உங்கள் ஏலியன் எண்ணை எழுத வேண்டியிருக்கும். லைசன்ஸில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் போங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் "டிலேய்ட்" என்று வந்தால் பதறாதீர்கள், அது மறுப்பு அல்ல. கடைக்காரர் அழைக்கும்வரை சில நாள் காத்திருக்க வேண்டியதுதான்.