நுண்துளை 35 சதவீதம், ஊடுருவுதிறன் 2 மில்லிடார்சி: அளவு தப்பா?

காட்பாடி நண்பருக்கு,

சாக் (மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) துண்டில் நுண்துளை, அதாவது பாறைக்குள் இருக்கும் காலி இடம், 35 சதவீதம் இருந்தும் ஊடுருவுதிறன், அதாவது திரவமோ வாயுவோ அதன் வழியே ஓடும் எளிமை, வெறும் 2 மில்லிடார்சிதான் (ஊடுருவுதிறனின் அலகு) வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு தப்பில்லை. சாக் முழுக்கக் காக்கோலித் தட்டுகள் (நுண்ணிய கடல்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள்), ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான். தட்டுகளுக்கு நடுவே காலி இடம் நிறைய, இணைக்கும் வழிதான் இறுக்கம்: அறை பெரிசு, வாசல் குறுகல். 1969-இல் கண்டறிந்த வட கடல் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலிலும் இதே நிலைதான். அங்கே எண்ணெயைக் கிணற்றுக்குக் கடத்துவது பெரும்பாலும் விரிசல்கள்.

சொல்லப்போனால் உங்கள் 2-கூடக் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். நைட்ரஜனை ஒரே அழுத்தத்தில் விட்டு அளந்தீர்களா? வாயு துளைச் சுவரில் வழுக்கி ஓடும், அளவைப் பெருக்கிக் காட்டும். நாலு சராசரி அழுத்தங்களில் அளந்து, வந்த ஊடுருவுதிறன் ஒவ்வொன்றையும் 1/அழுத்தத்துக்கு எதிரே வரைபடத்தில் குறித்து, கோட்டை 1/அழுத்தம் பூஜ்ஜியமாகும் வரை நீட்டுங்கள். அங்கே வெட்டுகிற மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் லென்ஸில் பாருங்கள். துண்டில் மயிரிழை விரிசல் இருந்தால் அத்தனையும் வீண். துண்டை வெளியிலிருந்து இறுக்கும் அழுத்தத்தையும் கண்டபடி ஏற்றாதீர்கள், நசுங்கிய சாக் திரும்ப விரியாது. எக்கோஃபிஸ்கில் அப்படித்தான் கடல்தளமே இறங்கி, 1987-இல் எண்ணெய் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று.

பக்கத்து மலையில் சாக் மாதிரி கிடைக்குமா என்றால், கிடைக்காது. வேலூர்ப் பக்கம் நைஸும் சார்னோக்கைட்டும்தான், புதைபடிவம் இல்லாத கெட்டிப் பாறைகள். பாறையில் நுண்புதைபடிவம் (கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் எச்சம்) பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குப் பஸ் ஏறுங்கள்.